லோசானில் ஒரு வாரம்: சாய்ந்த மேடையும் ஒன்பது நடுவர்களும்

புறப்படும் முன்

பிரீ த லோசான் போட்டி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ நடக்கும். 15 முதல் 18 வயது வரையுள்ள, இன்னும் தொழில்முறைக் குழு எதிலும் சேராத பாலே மாணவர்களுக்கான போட்டி. 1973-இல் தொழிலதிபர் பிலிப் பிரவுன்ஷ்வைகும் அவர் மனைவி எல்வீரும் தொடங்கியது. 1990-இல் கார்லோஸ் அகோஸ்டா, 1994-இல் தியானா விஷ்னேவா என்று பின்னாளில் உலகம் அறிந்த பலர் இந்த மேடையைத் தாண்டித்தான் போனார்கள். நாடு நாடாக வரும் வீடியோக்களைப் பார்த்து எண்பது பேர் அளவில் லோசானுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்த வீடியோவிலேயே பாதிப் பேர் தங்களைக் கெடுத்துக்கொள்கிறார்கள், ஆட்டத்தால் அல்ல, கேமராவால். கேமரா இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும். அறை சிறியது என்று போனில் அகலக் கோணத்துக்கு மாற்றினால் ஓரத்தில் நிற்பவரின் உடல் இழுபடும்; சாதாரண லென்ஸிலேயே வைத்து ஆறேழு மீட்டர் பின்னால் போங்கள். ஜன்னல் பின்னால் இருந்தால் ஆடுபவர் நிழல் உருவம் ஆகிவிடுவார். கறுப்பு லியோடார்டுக்கு (உடலோடு ஒட்டிய ஆட்ட உடை) கறுப்புத் திரை பின்னணி வேண்டாம். பாதம் எந்த நொடியிலும் சட்டத்துக்கு வெளியே போகக் கூடாது, ஏனென்றால் தேர்வுக் குழு முதலில் தேடுவது அதைத்தான். ஒரு பயிற்சியின் நடுவே வெட்டி ஒட்டிய வீடியோ சந்தேகத்தைக் கிளப்பும். சின்னப் பிசகோடு முழுதாக ஓடும் பதிவே மேல்.

தேர்வான செய்தி வந்ததும் ஷெங்கன் விசா (சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேலையைத் தொடங்கிவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆனால் 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம் வேண்டும். அதில் ஒரு கையெழுத்து குறைந்தாலே கோப்பு திரும்பிவிடும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. போட்டி அமைப்பாளர்களின் அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பதிவுப் படிவத்தை நிரப்பும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி விஷயம்: கைப்பையில் போக வேண்டியவை விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாய்ன்ட் ஷூ இரண்டு ஜோடி, மேடை உடை ஒன்று, டைட்ஸ், லியோடார்ட். மற்றதெல்லாம் கீழே போகலாம். செக்-இன் பெட்டி இரண்டு நாள் தாமதமானாலும் வகுப்பில் நிற்க முடிய வேண்டும், அதுதான் கணக்கு. ஷூவைக் கெட்டிப்படுத்தும் பசை, ஹேர் ஸ்பிரே இரண்டும் கைப்பையில் வந்தால் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும்; கத்தரிக்கோல் கீழ்ப் பெட்டியில். தட்டு வடிவ டூட்டுவை, அதாவது பாலேப் பாவாடையை, மடிக்கக் கூடாது. தலைகீழாக, வட்டப் பையில், படுக்கை வாக்கில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், விமானத்தின் மேல் தட்டில் நுழையாது. விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஞாயிறு: வந்து சேர்தல்

ஜெனிவா விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம். லோசானுக்கு நேர் ரயிலில் முக்கால் மணி நேரம். வலது பக்கம் உட்கார்ந்தால் ஏரி கூடவே வரும். லோசான் முழுக்க ஏற்ற இறக்கம்தான். ஏரிக்கரை ஊஷி கீழே, ரயில் நிலையம் நடுவே, போட்டி நடக்கும் போல்யூ அரங்கம் அதற்கும் மேலே. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் ஏற்றம் தெரியாது. டிராலிபஸ் போகிறது. ஓட்டலில் தங்குபவர்களுக்குப் பயண அட்டை இலவசம், அறைச் சாவியோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் உள்ள கடை மட்டும் திறந்திருக்கும். பால், பழம், ரொட்டி அங்கேயே வாங்கிவிட்டு மேலே ஏறுவது நல்லது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சுவிஸ் பிளக் மூன்று ஊசிக்காரத் தனி வகை. இரண்டு மெல்லிய ஊசி உள்ள போன் சார்ஜர் நேராக நுழையும், தடித்த ஊசி உள்ள இந்தியப் பிளக் நுழையாது.

குளிரைவிட வறட்சிதான் தொல்லை. வெளியே பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலை, உள்ளே நாள் முழுக்க ஹீட்டர். உதடு வெடிக்கும், குதிகால் தோல் பிளக்கும், தொண்டை காயும். குதிகாலுக்கு இரவில் வாஸ்லின் தடவிச் சாக்ஸ் போட்டுத் தூங்க வேண்டும். காலையில் தடவினால் தரையில் வழுக்கும்.

குளிர்காலத்தில் இந்திய நேரம் நாலரை மணி முன்னால். இரவு எட்டு மணிக்கு மேடை ஏறினால் நம் உடலுக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. திங்கள் தொடங்கும் போட்டிக்கு, முடிந்தால் ஞாயிறு வரை காத்திராமல் வியாழனே வந்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

திங்கள்: எண்ணும் முதல் வகுப்பும்

பதிவு, எண் அட்டை, நிழற்படம். உடல்நலப் படிவங்கள் முன்பே போயிருக்கும். எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்த பிள்ளைகளை மேடை ஏற்றி ஊக்குவிக்கக் கூடாது என்பதில் இந்தப் போட்டி கண்டிப்பானது. போட்டிக்கு முந்தைய மாதம் பட்டினி கிடந்து வருவது இங்கே எடுபடாது. அதைவிட, வாரம் முழுக்கத் தாங்க வேண்டிய தசை போய்விடும்.

15, 16 வயதினர் ஒரு பிரிவு, 17, 18 வயதினர் இன்னொன்று. அதிலும் மாணவிகள், மாணவர்கள் தனித்தனி. ஆக நாலு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தினம் செவ்வியல் வகுப்பு, சமகால வகுப்பு, செவ்வியல், சமகாலம் என்று ஆளுக்கு இரண்டு வேரியேஷனுக்கும் (தனி ஆட்டம்) கோச்சிங் என்று அட்டவணை ஓடும்.

இங்கேதான் மற்ற போட்டிகளிலிருந்து லோசான் பிரிகிறது. இறுதிச் சுற்றுக்கு ஆள் எடுக்கும்போது செவ்வியல் வகுப்பு, சமகால வகுப்பு, செவ்வியல் வேரியேஷன், சமகால வேரியேஷன் நாலுக்கும் சம பங்கு. மதிப்பெண்ணில் பாதி வகுப்பில்! ஒன்றரை நிமிட வேரியேஷனை ஓராண்டாகச் செதுக்கிவிட்டு, புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை ஒரே தடவையில் பிடிக்கத் தெரியாமல் வருபவர் பாதித் தேர்வுக்குப் படிக்காமல் வந்தவர்.

வகுப்பில் பியானோ நேரடியாக வாசிக்கப்படுகிறது. ஆசிரியர் அடிகளின் ஒரு சேர்க்கையை ஒரு முறை, அதுவும் பாதி கையாலேயே காட்டுவார். பாலேயின் சொற்கள் எங்கும் பிரெஞ்சுதான் என்பதால் மொழி பெரிய தடையில்லை. தாளக் கணக்குதான் தடை. தாவல் முதல் எண்ணில் மேலே போகிறதா, முதல் எண்ணில் தரைக்கு வருகிறதா என்பதைக் கவனிக்காமல் அடிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சிறு தாவல்களில் கூட்டத்தோடு எதிர்த்தாளத்தில் குதிப்பார்கள். அதை ஒன்பது நடுவர்களும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ஆசிரியர் இரண்டு சுற்று கேட்டால் இரண்டு சுற்று. மூன்றாவதைச் சேர்த்து இசைக்குப் பிந்தி இறங்குபவரை யாரும் மெச்சுவதில்லை. பொதுவாக எல்லோருக்கும் சொல்லப்படும் திருத்தத்தை, உதாரணமாக ‘தோள்பட்டையைத் திருப்பிவிட்டுத் தலையை மறக்காதீர்கள்’ என்பதை, அடுத்த முறை ஆடும்போது யார் செய்கிறார்கள் என்பதுதான் நடுவரின் குறிப்பேட்டில் ஏறும். இந்தப் போட்டி தேடுவது முடிந்த கலைஞரை அல்ல, வளரக்கூடிய மாணவரை. பின்வரிசையில் முறைக்குக் காத்திருப்பவர் கையால் கணக்குப் போட்டபடி நிற்கிறாரா, சுவரில் சாய்ந்திருக்கிறாரா என்பதும் தெரியத்தான் செய்யும்.

வரிசைகள் மாறும். முன்வரிசை பின்னால் போகச் சொன்னதும் போய்விடுங்கள். முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஓர் அசிங்கம்.

செவ்வாய்: சாய்ந்த மேடை

போல்யூ மேடை பார்வையாளர் பக்கம் சரிவாக இருக்கும். பழைய ஐரோப்பிய அரங்குகளில் கீழ்த்தள இருக்கைகள் சமமாக இருந்ததால், பின்னால் ஆடுபவரும் தெரியட்டும் என்று மேடையைச் சாய்த்துக் கட்டினார்கள். பாரிஸின் கார்னியே அரங்கில் சரிவு 5 சதவீதம், அதாவது ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கணுக்காலுக்குத் தெரியும்.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்றால், சமதளத்தில் தரைக்குச் செங்குத்தாக நிற்பதும் புவியீர்ப்புக்கு நேராக நிற்பதும் ஒன்றுதான். சரிவில் அவை இரண்டும் பிரிந்துவிடும். பழக்கத்தில் உடல் தரையைத்தான் அளவுகோலாக எடுக்கும். எடுத்தால் அச்சு பார்வையாளர் பக்கம் சாயும், ஒற்றைக்காலில் சுழலும் பிருவெட் மூன்றாம் சுற்றில் முன்னால் விழும். எடையைக் குதிகால் பக்கம் ஒரு நூல் பின்னுக்கு வைத்தால்தான் நேராக நிற்கலாம். பார்வையாளருக்கு முதுகு காட்டி நின்றால் எல்லாம் தலைகீழ். அப்போது எடை தானாகக் குதிகாலுக்குப் போகும், முன்னுக்கு இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, ஒரு காலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்க் பிடிக்கும்போது தாங்கும் பாதத்தின் ஓர் ஓரம் தாழ்ந்திருக்கும். சுண்டுவிரல் பக்கம் எடை உருண்டால் கணுக்கால் சுளுக்கும்.

பயண அடிகளில் வேறு விளைவு. மூலைவிட்டமாக வரும் அடிகள் பெரும்பாலும் பின்மூலையிலிருந்து முன்மூலைக்கு, அதாவது இறக்கத்தில். அடி வைத்து நகர்ந்தபடியே சுற்றும் பிக்கே சுழற்சிகள் தாமாகவே வேகம் பிடிக்கும். கடைசி நிலையில் நிற்க முடியாமல் இரண்டடி ஓடுவார்கள். தீர்வு, கடைசி நாலு சுற்றில் அடியைக் குறுக்குவதும் முடிவுப் புள்ளியை ஓரடி முன்பே குறித்துக்கொள்வதும். வட்டமாகத் தாவி வரும் மானேஜில் மேலேறும் பாதிக்கு உந்துதல் கூட வேண்டும். இல்லையென்றால் வட்டம் முட்டை வடிவம் ஆகும். நின்ற இடத்திலேயே ஒரு காலை வீசி வீசி ஃபுவெட்டே சுற்றுபவர் அறியாமலே முன்னால் நகர்வார். வழக்கமான இடத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் தொடங்கட்டும்.

பாய்ன்ட் ஷூவின் நுனித்தளம் தேய்ந்து உருண்டிருந்தால் சரிவு அதை இரட்டிப்பாகக் காட்டும். மேடைக்கு வைத்த ஜோடியின் நுனி தட்டையாக, நடுத்தண்டு (அடியில் உள்ள விறைப்பான பட்டை) பழகியதாக, ஆனால் மசியாததாக இருக்க வேண்டும். விரல்களை மூடும், பசையால் கட்டிய முன்பகுதிக்குப் ‘பெட்டி’ என்று பெயர்; அது வியர்வையில் இளகும், முழுதாகக் காய ஒரு நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஐந்து ஜோடி: மூன்று வகுப்புகளுக்குச் சுற்றிச் சுற்றி, இரண்டு மேடைக்கு. ஹீட்டரின் மேல் வைத்துக் காயவைத்தால் பெட்டி நொறுங்கும். நாடாவைப் பல் இடுக்கு நூலால் தைத்தால் சாதாரண நூலைப் போல அறுகாது.

ஊரிலேயே சரிவுக்குப் பழக ஒரு வழி உண்டு. எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. தடிப்பு பிளைவுட் பலகை ஒன்று. நீளப் பக்கத்தின் அடியில் 5 செ.மீ. உயர மரச்சட்டம், நடுவில் பாதி உயரத்தில், அதாவது இரண்டரை செ.மீ., இன்னொரு சட்டம். நடுச்சட்டத்தை விட்டுவிட்டால் பலகை தொய்ந்து சரிவே மாறிவிடும். நாலடிக்கு 5 செ.மீ. என்றால் சரிவு சுமார் 4 சதவீதம். மேலே வைனில் விரிப்பை நாலு ஓரமும் டேப்பால் ஒட்டுங்கள். தினம் இருபது நிமிடம், நாலு திசையும் பார்த்து நின்று, சமநிலையும் ஒற்றைச் சுற்றும் மட்டும். தாவல்கள் இதில் வேண்டவே வேண்டாம், பலகை துள்ளும்.

இன்று மேடையில் செவ்வியல் கோச்சிங். ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ‘என் ஆசிரியர் இப்படிச் சொன்னார்’ என்ற விளக்கத்துக்கு அதில் இடமில்லை. கோச் சொன்னதை உடனே உடலில் முயன்று பார்ப்பதுதான் அவருக்குப் பதில்.

புதன்: வெறுங்கால்

சமகால வேரியேஷன்களை அமைப்பாளர்கள் தரும் பட்டியலிலிருந்து, அவர்கள் தரும் வீடியோவையும் இசையையும் வைத்தே கற்றுக்கொண்டு வர வேண்டும். வேய்ன் மெக்கிரெகர், மௌரோ பிகொன்சேத்தி போன்ற நடன அமைப்பாளர்களின் படைப்புகள் அதில் இடம்பெற்றதுண்டு. வீடியோவைப் பார்த்துக் கற்பதில் உள்ள பொறி: கண்ணாடி பிம்பமாகக் கற்று இடம் வலம் மாறிவிடும். அடுத்தது, வடிவம் மட்டும் வந்து எடை வராமல் போவது. அந்தக் கை ஏன் விழுகிறது, தோளிலிருந்தா முதுகிலிருந்தா என்பது வீடியோவில் தெரியாது. இன்றைய கோச்சிங்கில் திருத்தப்படுவது பெரும்பாலும் அதுதான். பத்தாண்டு பாலேயில் மேல்நோக்கி இழுத்தே பழகிய உடல், இடுப்பைத் தரைக்கு விடச் சொன்னால் முழங்காலை மட்டும் மடக்கும்.

தரை அடிகளில் பாதத்தின் மேல்தோல் உரியும். இரவே மெல்லிய துணி டேப் ஒட்டிப் பாருங்கள், மேடையில் முதல் முறையாக ஒட்டினால் நடுவில் கழன்று வழுக்கும்.

இளம் நடன அமைப்பாளர்களுக்கான ‘யங் கிரியேஷன் அவார்ட்’ 2021-இல் தொடங்கியது. போட்டியோடு இணைந்து இயங்கும் ‘பங்காளி’ பாலேப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் சொந்தமாக ஒரு தனி நடனத்தை அமைத்து அனுப்புகிறார்கள். இறுதிக்கு வருபவர்களின் படைப்புகள் இந்த வாரத்திலேயே மேடையேறுகின்றன. வென்றவை அடுத்த போட்டியின் சமகாலப் பட்டியலில் சேரும். ஆக, தன் வயதொத்த யாரோ முகமறியாத ஒருவர் வீடியோவிலிருந்து கற்றுக்கொண்டு ஆடப்போகும் ஒன்றைத்தான் அமைக்கிறோம் என்ற நினைப்பு வேண்டும். தன் உடலுக்கு மட்டுமே வரும் வளைவு வித்தைகளை வைத்து அமைத்தால் இன்னொருவர் ஆடும்போது அங்கே ஒன்றும் மிஞ்சாது. இசை உரிமையை முதலிலேயே பாருங்கள். பிடித்த பாட்டுக்கு அமைத்துவிட்டு, நேரலையில் ஒலிபரப்ப அனுமதி கிடைக்காமல் கடைசியில் இசை மாற்றினால் நடனமும் மாறிவிடும்.

அரங்கத்துக்கு எதிர்ச்சாரியிலேயே 1976-இல் திறந்த ஆர் புரூட் அருங்காட்சியகம். கலைப் பள்ளிப் பக்கமே போகாதவர்கள் வரைந்தும் தைத்தும் செதுக்கியும் வைத்தவை. கூட வந்த பெற்றோர் அரங்க வாசலில் நகம் கடித்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் அங்கே போய்வரலாம்.

வியாழன்

உடையோடு மேடை ஒத்திகை. விளக்கு ஏறியதும் சுழற்சியில் கண் நிறுத்தும் புள்ளி மறைந்துபோகும். அரங்கின் பின்சுவரில் எரியும் வழிகாட்டி விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழுக்காமல் இருக்கப் போடும் ரோசின் பிசின் தூளை வைனில் தரையில் அள்ளிப் பூசாதீர்கள். ஒட்டிய பாதம் திரும்பாமல் முழங்கால் மட்டும் திரும்பும். ஈரத்துணியில் ஷூவை ஒற்றினால் போதும்.

மாலையில் ஒத்திகை வேண்டாம். சோறு, தூக்கம்.

வெள்ளி: தேர்வுச் சுற்று

எல்லோரும் எண் வரிசைப்படி இரண்டு வேரியேஷனும் மேடையில் ஆடுகிறார்கள். நாள் நீளமானது, ஆடும் நேரம் மொத்தம் மூன்று நான்கு நிமிடம். நடுவில் காத்திருப்பதில்தான் பலர் கெடுகிறார்கள். சீக்கிரமே உடல் சூடேற்றிவிட்டுக் குளிர்ந்து நிற்பார்கள். தன் எண்ணுக்கு நாற்பது நிமிடம் முன்பு தொடங்கி, பத்து நிமிடம் முன்பு ஷூ கட்டி, பஞ்சு பூட்ஸை மேடை ஓரத்தில்தான் கழற்ற வேண்டும்.

செவ்வியலிலிருந்து சமகாலத்துக்கு மாறும்போது, உள்ளங்காலில் துளை வைத்த டைட்ஸ் என்றால் கணுக்கால்வரை சுருட்டிக்கொள்ளலாம். கொண்டையைப் பிரிக்க வேண்டிய வேரியேஷன் என்றால் கொண்டை ஊசிகளை எண்ணி வையுங்கள். தலையில் மறந்துபோன ஊசி தரையில் உருளும்போது குத்தும், அடுத்து ஆட வருபவரின் வெறுங்காலிலும் ஏறும். டூட்டுவின் கொக்கிகளை மாட்டியபின் நூலால் நாலு தையல் போட்டுவிடுவது வழக்கம்.

தப்பு நேர்ந்தால்? ஆட்டத்தை நிறுத்தாதவருக்குப் பெரிய இழப்பில்லை. விழுந்து எழுந்தவர்கள் இறுதிக்குப் போனதுண்டு. தப்பை முகத்தில் அறிவிப்பவர்தான் அதை இரண்டு முறை செய்கிறார்.

மாலையில் இறுதிச் சுற்றுக்கான எண்கள் வாசிக்கப்படும். இருபது பேர் அளவில்.

சனி: இறுதிச் சுற்று

இன்றைக்கு அரங்கில் சீட்டு வாங்கிய பார்வையாளர்கள், இணையத்தில் உலகெங்கும் நேரலை. போட்டியாளர்களுக்குப் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை, அதே இரண்டு நடனங்கள்தான். புதிதாகச் சேர்வது கைத்தட்டல். அது இசையின் முதல் அளவை மூடிவிடும். எண்ணிக்கொண்டு தொடங்குங்கள், கேட்டுத் தொடங்கக் காத்திருக்காதீர்கள்.

நடுவர்கள் கூடிப் பேசும் இடைவேளையில், பங்காளிப் பள்ளி மாணவர்கள் ஒரு நடன அமைப்பாளரோடு சேர்ந்து இந்த வாரத்திலேயே உருவாக்கிய குழு நடனம் மேடையேறும். வாரத்தின் மிக நிம்மதியான ஆட்டம் அதுதான் என்பது எங்கள் கருத்து. அதில் யாருக்கும் எண் இல்லை.

முதல் பரிசுகள் உதவித்தொகை வடிவில் வருகின்றன: ஒரு பங்காளிப் பள்ளியில் ஓராண்டுப் படிப்பு, அல்லது பங்காளிக் குழுவில் ஓராண்டுப் பயிற்சி. சமகால நடனத்துக்கும் பார்வையாளர் விருப்பத்துக்கும் தனிப் பரிசுகள் உண்டு.

ஞாயிறு: பள்ளிகளின் கண்

இறுதிச் சுற்றுக்குப் போகாதவர்களுக்கு இந்த நாள்தான் முக்கியம், இதைத் தெரியாமல் சனிக்கிழமையே ஊர் திரும்ப டிக்கெட் போடுபவர்களும் உண்டு. பள்ளிகள், குழுக்களின் இயக்குநர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு வகுப்பு நடக்கும். அதன் பிறகு யாருக்கு எந்தப் பள்ளி இடம் தர விரும்புகிறது என்பது தெரியவரும். பரிசு வாங்கியவர்களைவிட இடம் வாங்கியவர்களின் எண்ணிக்கை எப்போதும் அதிகம்.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கேட்க மறக்கும் கேள்விகள் சில. கட்டண விலக்கு படிப்புக்கு மட்டுமா, தங்குமிடத்துக்கும் சேர்த்தா? ஓராண்டுக்குப் பின் தொடர்வதை யார், எப்போது முடிவு செய்வார்கள்? பள்ளிப் படிப்பு அங்கே எந்த மொழியில், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் உண்டா? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? 18 வயது ஆகாதவருக்கு உள்ளூர்ப் பொறுப்பாளர் வேண்டுமா?

வாய்மொழியாகச் சொன்னது விசாவுக்கு உதவாது. கையில் இருக்கும் ஷெங்கன் விசா 90 நாளுக்கு மேல் தங்க அனுமதிக்காது. படிப்புக்கு அந்தந்த நாட்டின் நீண்டகால விசா தனியாக எடுக்க வேண்டும், பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிவந்துதான். படிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, கட்டண விலக்குத் தொகை, தங்குமிட முகவரி, நாலும் உள்ள கடிதத்தைப் பள்ளியின் முத்திரையோடு கேளுங்கள். இன்றே கேட்டு மின்னஞ்சல் முகவரியையும் சரிபார்த்துக்கொண்டால் பிப்ரவரி முடிவதற்குள் கடிதம் கைக்கு வரும். செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கு அது சரியான நேரம்.

பிற்பகல் ஜெனிவா ரயிலில் கூட்டம் இருக்கும். டூட்டு பையை வைக்க இரண்டடுக்குப் பெட்டியின் கீழ்த்தளத்தில், கதவை ஒட்டிய இடம் பாருங்கள். ஈர ஷூக்களை பிளாஸ்டிக் பையில் கட்டாமல் துணிப்பையில் போடுங்கள்.